இரண்டாவது குழி

அக்கா,

சோறு பரிமாறிய லன்ச் சீற் பொலித்தீன் எரிந்த மணம் இன்னும் என் சேலையில் இருக்கிறது. இன்றைக்கு உங்கள் ஆட்டைத் திவசம், நீங்கள் போய் ஒரு வருடம். மிஞ்சிய சோறு, பூசணிக்காய்க் கறி, பாதி கடித்துவிட்டு வைத்த வடை, மோர்மிளகாய்க் காம்பு எல்லாவற்றையும் லன்ச் சீற்றோடு சேர்த்துச் சுருட்டி, உங்கள் பின்வளவில் குவித்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். உங்கள் வளவில்! ஒரு கறிவேப்பிலைக் காம்பைக்கூட வீணாக எறிய விடாத உங்கள் வளவில்! "வாளி கிடக்குது, உரத்துக்கு நான் பிரிச்சு எடுக்கிறன்" என்று கேட்டுப் பார்த்தேன். லண்டனிலிருந்து வந்திருக்கிற உங்கள் தம்பி, "இண்டைக்கெண்டாலும் உந்தக் கஞ்சல் மணம் இல்லாமல் இருக்கட்டும் பிள்ளை" என்றார். பொலித்தீன் புகைக்குள் நின்று இருமிக்கொண்டுதான் அதைச் சொன்னார்.

ஆனால் அதைச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. இன்று உங்கள் வீட்டு விறாந்தையில் நான் ஒரு வேலை பார்த்துவிட்டேன். இந்த நேரம் ஊர் முழுக்க என்னைத்தான் திட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் இருந்திருந்தால் நீங்களும் திட்டியிருப்பீர்கள், அது எனக்குத் தெரியும். தொடக்கத்திலிருந்து சொன்னால்தான் எனக்கும் கொஞ்சம் ஆறும்.

தென்பகுதியில் இருந்த உங்கள் குடும்பக் கடையை விற்றுவிட்டு, பூட்டிக் கிடந்த பழைய வீட்டுக்கு நீங்கள் தனியாக வந்திருந்த புதிது. ஒரு காலை, கையில் மூடி போட்ட வாளியோடு கரைப் பக்கம் எங்கள் வீட்டுப் படலையில் வந்து நின்றீர்கள். மீன் வாங்க வந்திருக்கிறீர்கள் என்று நினைத்து அம்மா சுளகோடு ஓடி வந்தா. நீங்கள் கேட்டது மீன் குடலும் செதிலும். "காசுக்கில்லை, சும்மாதான் கேக்கிறன். எறியிறதைத் தாங்கோ" என்றீர்கள். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "உவவுக்கு ஏதும் விசரோ?" என்று மெதுவாகக் கேட்டது உங்களுக்கும் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் சிரித்தீர்கள். பிறகு கேட்காமலே உள்ளே வந்து எங்கள் குசினி வாசலில் குந்தி இருந்து, தேத்தண்ணி வாங்கிக் குடித்தீர்கள்.

உங்கள் தெருவான மேல் ஒழுங்கை ஆட்கள் எங்களிடம் மீன் வாங்க வருவார்கள், படலையோடு நின்று வாங்கிக்கொண்டு போவார்கள். அந்த ஒழுங்கையில் காணியும் கோயிலும் உள்ள ஒரு வீட்டிலிருந்து ஒருவர் வந்து எங்கள் கோப்பையில் வாய் வைத்ததை அம்மா தன் ஆயுளில் கண்டதில்லை. நீங்கள் போன பிறகு அந்தக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கன நேரம் நின்றா. நான் அன்றைக்கே உங்கள் பக்கம் சாய்ந்துவிட்டேன். அடுத்த கிழமையே என் சைக்கிளுக்குப் பின்னால் ஒரு சின்ன வண்டில் கட்டி, இரண்டு பேருமாக வீடு வீடாகப் போகத் தொடங்கினோம்.

சிரித்தவர்கள்தான் அதிகம். "பெரிய வீட்டுப் பொம்பிளை, கஞ்சல் பொறுக்கித் திரியிறா" என்று உங்கள் சொந்தக்காரரே சொன்னார்கள். நீங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படலையில் நின்று மணி அடிப்பீர்கள். "மரக்கறித் தோல், முட்டைக்கோது, மீன்முள்ளு, முத்தத்துச் சருகு எல்லாம் தாங்கோ. கருவாடு கழுவின தண்ணி வேண்டாம், ஊறுகாய் வேண்டாம். எங்கடை மண்ணிலை கிடக்கிற உப்பே காணும்" என்று ஒரே பாட்டாகப் பாடுவீர்கள். கரையில் ஒதுங்கும் கடற்புல்லான சாதாழையை அள்ளி வந்து, மாரி முழுக்க மழையில் கிடக்கவிட்டு, உப்புக் கழுவுப்பட்ட பிறகு குழியில் பரப்புவோம். அதன்மேல் குசினிக் கழிவு, அதன்மேல் சருகும் அடுப்புச் சாம்பலும் ஆட்டுப் புழுக்கையும். மத்தியானம் ஊர் நித்திரை கொள்ளும் நேரத்தில் நீங்கள் மட்டும் மண்வெட்டியோடு குழியைப் புரட்டப் போவீர்கள். "வெய்யிலுக்குள்ளை நிண்டு காயாதேயும், நீர் போய்ச் சாப்பிடும்" என்று என்னைத் துரத்திவிடுவீர்கள்.

எங்கள் வீட்டு வாளியைப் பார்த்து மட்டும் முணுமுணுப்பீர்கள். அண்ணன் முற்றத்தில் இருந்து வலை பொத்துவார். கூட்டி அள்ளும்போது பச்சை நைலோன் நூல் துண்டும் சேர்ந்து வாளிக்குள் வந்துவிடும். "உந்த நூலைப் பொறுக்கிப்போட்டுக் கொண்டுவாரும் பிள்ளை. நானும் நீரும் மண்ணாப் போனாலும் இது உக்காது" என்பீர்கள். நானும் பொறுக்குவேன். என்ன பொறுக்கினாலும் கொஞ்சம் தப்பிவிடும்.

பவுசர் லொறியில் வந்தால்தான் குடிக்கத் தண்ணீர் என்ற எங்கள் ஊரில், அந்த உப்புக் காணியில், முதல் வருடமே வெண்டியும் கத்தரியும் காய்த்தன. ஆள் ஆளாக வந்து பார்த்தார்கள். அப்போது நீங்கள் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: "அழுகினாப் பிறகு ஆற்றை வீட்டு வாழைப்பழத் தோல் எண்டு ஆருக்குத் தெரியும்?" நீங்கள் விளையாட்டாகச் சொல்லியிருக்கலாம். நான் அதை விளையாட்டாக எடுக்கவில்லை. எங்கள் ஊரில் கிணறு வேறு, சுடலை வேறு, கோயில் அன்னதானத்தில் பந்திகூட வேறு. எங்கள் வீட்டுப் பொருளும் மேல் ஒழுங்கை வீட்டுப் பொருளும் ஒன்றாய்க் கிடந்த ஒரே இடம் உங்கள் குழிதான். நாறுகிற குழிதான், ஆனாலும் எனக்கு அது பெரிய விசயம். சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு போகும்போது, நான் அதன் கரையில் நின்று பெருமைப்பட்டிருக்கிறேன்.

பிறகு யூரியா வராமல் நின்ற வருடம் வந்தது. சிரித்தவர்களெல்லாம் கடகத்தோடு வந்து உங்கள் படலையில் நின்றார்கள். கோயில் மனேச்சர் வீட்டம்மாவும் வந்தா. உங்களுக்கு அவ ஒருவகையில் மச்சாள். கோயில் பூந்தோட்டம் வாடிப்போச்சுதாம், உரம் வேணுமாம். மேல் ஒழுங்கை வீடுகள் எல்லாம் இனி வாளி தருமாம். ஆனால் ஒரு சொல் இருக்காம்.

"எங்கடை பக்கத்துக் கழிவைத் தனிக் குழியிலை போடுங்கோ. கோயிலுக்குப் போறது பாருங்கோ. மீன் மச்சம் கலக்கக் கூடாது."

நான் அங்கேயேதான் நின்றேன், அவ கொண்டுவந்து தந்த வாளி என் கையில் இருந்தது. அதற்குள் முதல் நாள் எங்கள் அண்ணன் பிடித்து, அவவே வந்து பேரம் பேசி வாங்கின சூடை மீனின் முள் கிடந்தது. செவ்வாய் வெள்ளி தவிர மற்ற நாளெல்லாம் எங்கள் மீனைத் தின்கிற வாய், மச்சம் கலக்கக் கூடாது என்கிறது! வாளியை அவவின் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டலாமா என்று கை துடித்தது. நீங்கள் ஏதாவது சொல்வீர்கள் என்று உங்களைப் பார்த்தேன்.

"ஓம் மச்சாள், அதுக்கென்ன. தனிக்குழி ஒண்டு வெட்டுவம்" என்றீர்கள்.

அவ்வளவு லேசாகச் சொன்னீர்கள் அக்கா. சந்தையில் கீரை பிடி ஒன்று கூடக் கேட்டால் சொல்வதுபோலச் சொன்னீர்கள்.

அவ போன பிறகு நான் போட்ட சண்டை உங்களுக்கு மறந்திருக்காது. "மீன்முள்ளு ரெண்டு வாளியிலையும்தான் கிடக்குது. பேந்து எதுக்கு ரெண்டு குழி? மச்சத்துக்கோ, எங்களுக்கோ?" என்று கேட்டேன்.

"ஏன் பிள்ளை கோவிக்கிறீர்? முதல் வாளியைத் தரட்டும். தந்து பழகட்டும். கொஞ்ச நாளைக்குத்தானே."

"கொஞ்ச நாள், கொஞ்ச நாள் எண்டுதான் எங்கடை அப்பு காலத்திலை இருந்து சொல்லினம்."

அடுத்த நாள் வேலிக் கரையோரம் இரண்டாவது குழியை நீங்களே வெட்டினீர்கள். என்னைக் கேட்காமல் வெட்டியது நல்லது, கேட்டிருந்தால் நான் மண்வெட்டியை எறிந்துவிட்டுப் போயிருப்பேன். மேல் ஒழுங்கைக்கு நீல வாளி, கரைக்குச் சிவப்பு வாளி. சாதாழையும் அடுப்புச் சாம்பலும் சிவப்பு வாளிக் குழிக்கு மட்டும். இதிலே பெரிய பகிடி என்னவென்றால், நீல வாளியையும் நான்தான் தூக்க வேண்டும், சிவப்பு வாளியையும் நான்தான் தூக்க வேண்டும். நீல வாளியைக் கொட்டி வழித்துவிடுவதும் இந்தக் கைதான். அந்தக் கையில் அவர்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. குழியில் மட்டும் தீட்டு வந்துவிடுமாம்!

ஏன் விட்டுவிட்டுப் போகவில்லை என்று அண்ணன் பலமுறை கேட்டார். உங்களுக்காகத்தான் போகவில்லை. ஊரில் என்னை "நீர்" என்று கூப்பிட்டு, பக்கத்தில் இருத்திச் சோறு போட்ட மனிசியை ஒரு குழிக்காக விடுவதா என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் அதற்குப் பிறகு உங்களோடு முன்னைப்போல வாய்விட்டுச் சிரிக்க எனக்கு வரவில்லை. அதை நீங்களும் கவனித்தீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

நெஞ்சு வருத்தம் வந்து யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் உங்களைப் போட்டிருந்தபோது, பஸ் ஏறி வந்து பார்த்தேன். அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "சுகமா வந்த உடனை அந்த ரெண்டாம் குழியை மூடுவம் அக்கா, எனக்குப் பிடிக்கேல்லை" என்றேன். நீங்கள் கட்டிலில் கிடந்தபடியே சிரித்தீர்கள். "உமக்கு எல்லாத்தையும் ஆராவது வாயாலை சொல்லோணும், என்ன?" என்றீர்கள். வருத்தக்காரர் கதைக்கிற கதை என்று நினைத்துப் போர்வையை இழுத்துவிட்டேன். இரண்டு நாளில் உங்களைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள்.

அதற்குப் பிறகு இந்த ஒரு வருடம் நான் என்ன செய்தேன் தெரியுமா? தனியாக வண்டில் ஓட்டினேன். நீல வாளியை நீலக் குழியிலும் சிவப்பு வாளியைச் சிவப்புக் குழியிலும் ஒரு நாளும் தவறாமல் கொட்டினேன். எனக்குப் பிடிக்காத அந்த வேலையை, நீங்கள் ஒத்துக்கொண்ட சொல்லாயிற்றே என்று, உங்கள் பேருக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். யூரியா திரும்ப வந்ததும் உரம் கேட்டு வருகிற ஆட்கள் குறைந்துவிட்டார்கள். கோயிலுக்கு மட்டும் இடைக்கிடை போகும். இரண்டு குழியும் அள்ளாமல் நிறைந்துகொண்டு வந்தன.

போன கிழமை உங்கள் தம்பி வந்தார். காணியை விற்கப்போகிறாராம், வாங்குகிற ஆள் பார்க்க வருமுன்னம் குழிகளை வெட்டி அள்ளி நிரவிவிடச் சொன்னார். மேல் ஒழுங்கைக் குழியில்தான் முதல் இறங்கினேன். மேலே இருந்தது நான் தனியாகக் கொட்டிய வருடம். வாழைத்தண்டு, தேங்காய்ப்பூச் சக்கை, சருகு என்று சுத்தமாக இருந்தது. அதற்குக் கீழே மண்வெட்டியை விட்டு இழுத்தால் ஏதோ சிக்குகிறது. குனிந்து இழுத்தேன். பச்சை நூல்.

ஒரு துண்டு என்றால் தற்செயல் என்று விட்டிருப்பேன். வெட்ட வெட்ட வந்தது. அண்ணனின் வலை நூல், முடிச்சோடு முடிச்சாக. அதோடு அரைவாசி உக்கிய சாதாழையும் விறகடுப்புச் சாம்பலும். மேல் ஒழுங்கையில் ஒரு வீட்டிலும் இப்போது விறகடுப்பு எரிவதில்லை, எல்லாம் காஸ். குழியின் அடி வரைக்கும் அப்படித்தான் இருந்தது. பிறகு மற்றக் குழியையும் வெட்டிப் பார்த்தேன். அதன் அடியில் மனேச்சர் வீட்டுக் கோப்பித் தூளும், கோயில் மாலையில் இருந்து கழன்ற சரிகை நூலும் கிடந்தன.

மத்தியான வெய்யிலில் என்னைச் சாப்பிடத் துரத்திவிட்டு நீங்கள் புரட்டப் போனது எதை என்று அப்போதுதான் விளங்கியது. இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே. குழி வெட்டிய நாளிலிருந்து நீங்கள் கண்மூடும் வரைக்கும்! கோயில் பூந்தோட்டத்துச் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் எங்கள் வீட்டு மீன்குடலைத் தின்றுதான் பூத்தன. அந்தப் பூவைத்தான் மனேச்சர் வீட்டம்மா கண்ணில் ஒற்றித் தலையில் வைத்தா.

வேறு யாராவது என்றால் குழிக்குள் இருந்தே விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை அக்கா. கோபம்தான் பற்றிக்கொண்டு வந்தது. குழிக்கரையில் இருந்து அழுதேன். ஒரு சொல் என்னிடம் சொல்லியிருந்தால் என்ன? ஒவ்வொரு படலையிலும் "இது தனிக்குழிக்குத்தானே?" என்று கேட்கும்போது, "ஓம்" என்று நான் என் வாயாலே சொல்லியிருக்கிறேன். என் வீட்டுக் கழிவு தீட்டு என்று நானே எத்தனை படலையில் ஒத்துக்கொண்டேன்! நீங்கள் பக்கத்திலே நின்று பார்த்துக்கொண்டு இருந்தீர்கள். உங்களுக்கு உள்ளுக்குள் அது வெற்றி. அவர்களை நல்லா ஏய்த்துவிட்டோம் என்று மனதுக்குள் சிரித்திருப்பீர்கள். எனக்கு அதிலே ஒரு பங்கும் தரவில்லை. இவளிடம் சொன்னால் வாய் பொறுக்காமல் கத்திவிடுவாள் என்று நினைத்தீர்களோ? கத்தியிருப்பேன்தான். கத்த வேண்டிய விசயம்தானே அது.

அப்படி இருந்தும், உங்களுக்காக வாயை மூடிக்கொண்டு இருக்கலாம் என்றுதான் இன்று திவசத்துக்கு வந்தேன். சத்தியமாக அந்த எண்ணத்தோடுதான் வந்தேன். சாப்பாடு முடிந்து எல்லோரும் விறாந்தையில் வெற்றிலை போட்டுக்கொண்டு உங்களைத் தலையில் தூக்கி வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். உயிரோடு இருக்கும்போது கஞ்சல் பொறுக்கி என்ற அதே வாய்கள். நான் படியில் இருந்து சட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். மனேச்சர் வீட்டம்மா கதிரையில் இருந்து, எல்லோருக்கும் கேட்கத் தொடங்கினா.

"எத்தினை பேரோடை பழகினாலும் அவ தன்ரை ஒழுக்கத்தை விட்டவவோ? எங்கடை வீட்டுக் கழிவை ஒரு நாளும் மற்றதோடை கலந்ததில்லை. சொன்னால் சொன்னதுதான். அப்பிடி ஒரு சுத்தம்! அதுதான் கோயில் பூந்தோட்டமும் அப்பிடிச் செழிச்சது. இந்தப் பிள்ளையும் அப்பிடித்தான், அவ பழக்கின பழக்கம்."

என்னைப் பார்த்துத்தான் சிரித்தா. என்னைப் புகழ்கிறாவாம்!

உங்களைக் கெட்டவள் என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். உங்களை இதற்காகப் புகழ்ந்தால் எப்படிப் பொறுப்பது? எழும்பி நின்றேன். சட்டி கையில் இருந்து நழுவிப் படியில் உருண்டது.

"கலந்தவ" என்றேன்.

"என்ன பிள்ளை?"

"எல்லாத்தையும் கலந்தவ. நீங்கள் தனிக்குழி எண்டு கேட்ட நாளிலை இருந்து கலந்தவ. உங்கடை பூந்தோட்டத்துக்கு வந்தது எங்கடை வீட்டுக் குடலும் செதிலும். போய்க் கிண்டிப் பாருங்கோ, எங்கடை அண்ணாவின்ரை வலை நூல் வரும்."

மனேச்சர் வீட்டம்மா கொண்டையில் இருந்த பூவைக் கையால் தடவிப் பார்த்தா, பிறகு எடுக்காமல் கையை இறக்கினா. யாரோ ஒரு கிழவர், "அம்மாளாச்சி, இனி என்ன பரிகாரம் செய்யிறது?" என்றார். உங்கள் தம்பி என் கையைப் பிடித்துப் படலை வரைக்கும் கொண்டுவந்து விட்டார். "செத்த மனிசியின்ரை பேரை ஏன் பிள்ளை கெடுத்தனீ? அதுவும் இண்டைக்கு?" என்று கேட்டார். அவரிலும் எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அக்காவை எல்லோரும் புகழக் கேட்டு, அந்தப் புகழோடு லண்டனுக்குப் போகலாம் என்று வந்த மனிதன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார். "இனி மேல் ஒழுங்கையிலை ஆர் உனக்கு வாளி தரப்போகினம்? மீனும் வாங்கமாட்டினம்" என்றார். வாங்கமாட்டார்கள்தான். பூந்தோட்டத்து மண்ணை அள்ளிக் கடலில் கொட்டினாலும் கொட்டுவார்கள். நீங்கள் மத்தியான வெய்யிலில் நெஞ்சு நோக நோகச் சேர்த்தது எல்லாம் ஒரு சொல்லிலே போய்விட்டது. நீங்கள் அதைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டு இருந்தீர்கள் என்றும் எனக்கு விளங்குகிறது. சொல்லியிருந்தால் பூவும் பூத்திராது, ஒரு வீடும் வாளி தந்திராது. நீங்கள் செய்ததுதான் கெட்டித்தனம் என்று சொல்வதற்கு இந்த ஊரில் ஆள் இருப்பார்கள். ஆனால் அந்தக் கெட்டித்தனத்துக்கு விலை கொடுத்தவள் நான்.

இரண்டு குழி மண்ணையும் எங்கள் வளவுக்கு ஏற்கனவே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். நாளைக்கு விடிய வண்டிலை எடுத்துக்கொண்டு மேல் ஒழுங்கைக்கும் போவேன். படலையில் நின்று மணி அடித்து, "ஒரே குழிதான், விருப்பம் எண்டால் தாங்கோ" என்று கேட்பேன். திறக்கிறார்களோ இல்லையோ, கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன்.

உங்களில் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் இன்று பின்னேரமே வந்து உங்கள் குசினி வாசலில் நின்று கத்தியிருப்பேன். நீங்களும் கத்தியிருப்பீர்கள். பொழுதுபடும் வரைக்கும் கத்தி முடித்து, இரண்டு பேரும் அழுது, ஒரு சட்டியில் சோறு போட்டுத் தின்றிருப்போம். என்னை நம்பாத கோபத்தை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு நாள்கூட விடாமல் போய்விட்டீர்கள் அக்கா. அந்தச் சண்டை அப்படியே என்னிடம் கிடக்கிறது. உங்களைத் தவிர வேறு யாரோடும் அதைப் போட எனக்கு மனம் இல்லை.